கூம்புக் கருவிழி நோயும் அதனைத் தடுக்கும் சிகிச்சையும்

காஞ்சிப் பட்டின் சிறப்புக்குத் தறி மட்டும் காரணமன்று. நெய்பவரின் கண்ணும் காரணமாகும். அறுந்த மெல்லிழையைக் கண்டு முடியவும், உடலையும் கரையையும் கோர்வை பிசகாமல் இணைக்கவும் கூரிய பார்வை வேண்டும். அப்பார்வையை இளமையிலேயே குலைக்கும் நோய் ஒன்றுண்டு. அதனைப் பற்றிப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயப் பெருமக்களும் அறிந்திருத்தல் நலம்.

கண்ணின் முன்புறம் கண்ணாடிபோல் தெளிந்திருக்கும் படலமே கருவிழி. அதன் கனம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். கொல்லாஜன் என்னும் புரத இழைகளாலான இப்படலம் வலுவிழந்தால், ஊடை நெருங்காத துணி தொய்வதுபோல், மெலிந்து கூம்பாக முன்தள்ளும். இதனை மருத்துவர்கள் கெரட்டோகோனஸ் என்பர். பெரும்பாலும் பள்ளிப் பருவத்திலோ வாலிபத்திலோ தொடங்கிச் சில ஆண்டுகள் வளர்ந்துகொண்டே செல்லும். கண்ணைக் கசக்கும் பழக்கம் இதற்குத் துணைபோகும்.

இந்நோய்க்கு ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர மருத்துவர்கள் ஒரு சிகிச்சையைக் கண்டனர். நோயாளிகளுக்கு அளித்துக் கண்ட பயனை 2003-இல் வெளியிட்டனர். அமெரிக்க அரசு 2016-இல் இதற்கு அனுமதி வழங்கியது. கண் மரத்துப்போகச் சொட்டு மருந்திட்டு, கருவிழியின் மேல்தோலை நீக்கி, ரைபோபிளேவின் என்னும் 'பி2' வைட்டமின் கரைசலைச் சுமார் 30 நிமிடம் ஊறவிடுகின்றனர். பின்னர் அளவிட்ட புற ஊதாக் கதிரை, முதலில் வகுத்த முறைப்படி, 30 நிமிடம் பாய்ச்சுகின்றனர். இதனால் இழைகளுக்கிடையே புதிய பிணைப்புகள் உண்டாகிக் கருவிழி உறுதிபெறுகிறது.

ஒன்றை நாம் வலியுறுத்த விரும்புகிறோம். இச்சிகிச்சை நோய் மேலும் வளராமல் தடுப்பதற்கே. இழந்த பார்வையை முழுதும் மீட்பதற்கன்று. சிகிச்சைக்குப் பின்னும் கண்ணாடியோ கடின வகைக் காண்டாக்ட் லென்ஸோ தேவைப்படலாம். கருவிழி மிகவும் மெலிந்துவிட்டால் இம்முறை பொருந்தாமற் போகும். மாற்றுக் கருவிழி பொருத்தும் அறுவை வரை செல்ல நேரிடும். ஆகவே காலந்தாழ்த்துதல் கூடாது.

ஓராண்டுக்குள் கண்ணாடியை மீண்டும் மீண்டும் மாற்ற நேர்ந்தாலும், கண்ணாடி அணிந்தும் எழுத்து நிழலிட்டுத் தெரிந்தாலும், இரவில் விளக்கொளி சிதறித் தோன்றினாலும், கருவிழியின் வளைவை வரைபடமாகக் காட்டும் கருவியுள்ள மருத்துவமனையை நாடுதல் வேண்டும். 1819-இல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனை சென்னையில் உள்ளது. காஞ்சி காமகோடி பீடத்தின் ஸ்ரீ ஜெயேந்திர சரஸ்வதி சுவாமிகள் 1976-இல் விடுத்த வேண்டுகோளையொட்டி, டாக்டர் பத்ரிநாத் 1978-இல் நிறுவிய சங்கர நேத்ராலயாவும் அங்கேயே உள்ளது.

கண் அரித்தால் கசக்காமல் மருத்துவரிடம் காட்டுக. கடையில் கேட்டு மருந்து வாங்கி விடாதீர்கள். தம் ஊரில் அடிக்கடி கண்ணாடி மாற்றும் மாணவர் எவரெவர் எனத் தலைமையாசிரியரிடம் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் கேட்டறிந்து, அவர்தம் பெற்றோரைப் பரிசோதனைக்குத் தூண்டுவார்களாக. தறியிலமர வேண்டிய இளைஞரின் பார்வை காலத்தே காக்கப்படின், அக்குடும்பத்தின் பிழைப்பும் காக்கப்படும்.