பரங்கிப்பேட்டையில் ஒரு ராட்டைப் பள்ளிக்கூடம்

பரங்கிப்பேட்டை என்றதும் பலருக்கு ஹைதர் அலியின் ஞாபகம் வரும். 1781-ஆம் ஆண்டு அவருடைய படையும் வெள்ளைக்காரப் படையும் இந்த ஊரில்தான் மோதின.

வெள்ளாறு கடலில் கலக்கும் இந்த ஊரில் இன்னொரு போராட்டமும் நடந்தது. அதில் பீரங்கி இல்லை. ரத்தம் சிந்தவில்லை. "பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் என்ன படிக்க வேண்டும்?" என்பதுதான் போராட்டம்.

அதைத் தொடங்கியவர் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி!

டென்மார்க்கில் இருந்து வந்தார்

அவர் பெயர் ஆன் மேரி பீட்டர்சன். டென்மார்க் நாட்டுக்காரர். 1878-இல் பிறந்தவர். 1909-இல் கிறிஸ்தவ மிஷன் ஊழியராகத் தமிழ்நாட்டுக்கு வந்தார்.

இந்த நாட்டில் எப்படிப் பாடம் சொல்லித் தருகிறார்கள் என்று பார்க்க ஊர் ஊராகச் சென்றார். தோழி எஸ்தர் பேரிங்கும் உடன் போனார். 1917-இல் இருவரும் ஆமதாபாத் சென்று காந்தி அடிகளின் ஆசிரமத்தைப் பார்த்தார்கள். அந்தப் பயணம் பீட்டர்சனின் வாழ்க்கையையே மாற்றிவிட்டது.

பிறகு அவர் மிஷனை விட்டு விலகினார். கதர் உடுத்தினார். சர்க்கார் கையை எதிர்பார்க்காத ஒரு தேசியப் பள்ளியைப் பெண்களுக்காகத் தொடங்க முடிவு செய்தார். அதற்கு அவர் தேர்ந்தெடுத்த ஊர் பரங்கிப்பேட்டை.

1921-இல் காந்தி அடிகளே வந்து அடிக்கல் நாட்டினார். சர்க்கார் பள்ளிகளை விட்டு மாணவர்கள் வெளியேறிய ஒத்துழையாமைக் காலம் அது. மதுரையில் அவர் சட்டையைத் துறந்ததும் அதே ஆண்டில்தான்.

பள்ளிக்கு "சேவா மந்திர்" என்று பெயர். தொண்டுக் கோயில் என்று பொருள். அங்கே ஏட்டுப் படிப்போடு ராட்டையும் சுழன்றது.

"படிக்கப் போன பெண் நூல் நூற்கவா வேண்டும்?" என்று யாருக்கும் கேட்கத் தோன்றும். ஆனால் பீட்டர்சன் அம்மையாருக்கு அது புதுமை அல்ல. அவருடைய நாட்டில் 1844-இலேயே வேறு மாதிரியான "ஹைஸ்கூல்" ஒன்று பிறந்திருந்தது. கிரண்ட்விக் என்ற பாதிரியார் காட்டிய வழி அது. குடியானவர் வீட்டுப் பிள்ளைகள் அங்கே தங்கிப் படித்தார்கள். தாய்மொழியில் பேச்சு, பாட்டு, நாட்டு வரலாறு எல்லாம் உண்டு. பரீட்சை மட்டும் கிடையாது!

அமெரிக்கா என்ன செய்தது?

இதே கேள்வி கடல் கடந்த அமெரிக்காவிலும் எழுந்தது. அங்கே 1917-இல் ஒரு சட்டம் வந்தது. விவசாயம், கைத்தொழில், வீட்டு நிர்வாகம் ஆகியவற்றைப் பள்ளியில் சொல்லித் தர மத்திய சர்க்கார் பணம் கொடுத்தது.

1950-ஆம் ஆண்டுகளில் அமெரிக்க ஹைஸ்கூல் எப்படி இருந்தது தெரியுமா? ஒரே கட்டிடத்தில் ஒரு வகுப்பில் அல்ஜீப்ரா. அடுத்த அறையில் டைப்ரைட்டிங். அதற்கு அப்பால் தச்சுப் பட்டறை. பெண்களுக்குச் சமையலும் தையலும். பல பள்ளிகளில் கார் ஓட்டவும் கற்றுக் கொடுத்தார்கள்! மணி அடித்த பிறகு பேண்டு வாத்தியம், கூடைப்பந்து, நாடகம், மாணவர் பத்திரிகை. மாணவர் மன்றத்துக்குத் தேர்தலும் உண்டு.

அங்கும் எல்லாம் பொன்னாக இல்லை. கறுப்பர் பிள்ளைகளும் வெள்ளையர் பிள்ளைகளும் ஒரே பள்ளியில் படிக்கக் கூடாது என்ற சட்டம் தென் மாநிலங்களில் இருந்தது. 1954-இல்தான் அது செல்லாது என்று சுப்ரீம் கோர்ட்டு கூறியது.

3 மணி 20 நிமிடம்

நம் நாட்டில், பரங்கிப்பேட்டையில் ராட்டை சுழன்று 16 ஆண்டுகளுக்குப் பிறகு, 1937-இல் வார்தாவில் ஒரு மாநாடு கூடியது. "ஆதாரக் கல்வி" அங்கே பிறந்தது. ஜாகிர் உசேன் தலைமையில் ஒரு குழு பாடத்திட்டம் வகுத்தது.

பள்ளி நேரம் ஐந்தரை மணி. அதில் கைத்தொழிலுக்கு மட்டும் 3 மணி 20 நிமிடம்! தாய்மொழிக்கு 40 நிமிடம். சங்கீதம், சித்திரம், கணக்கு மூன்றுக்கும் சேர்த்து 40 நிமிடம். சமூகப் பாடமும் விஞ்ஞானமும் 30 நிமிடம். தேகப் பயிற்சிக்கு 10 நிமிடம், ஓய்வுக்கு 10 நிமிடம்.

கணக்குக்கு இவ்வளவு குறைவா என்று பெற்றோர் கவலைப்பட்டால் அதைக் குற்றம் சொல்ல முடியாது.

1952-இல் ஏ. லட்சுமணசாமி முதலியார் தலைமையில் உயர்நிலைக் கல்விக் குழு அமைந்தது. கென்னத் ராஸ்ட் வில்லியம்ஸ் என்ற அமெரிக்கரும் அதில் உறுப்பினர். தொழில், வணிகம், விவசாயம், மனையியல், நுண்கலை எனப் பல பிரிவுகள் ஒரே பள்ளியில் இருக்கலாம் என்று அந்தக் குழு சொன்னது. கொஞ்சம் அமெரிக்க வாடை அடிக்கிறது அல்லவா?

சொந்தத் தொழிலா, அப்பன் தொழிலா?

அப்போதுதான் சென்னை மாநிலத்தில் புயல் கிளம்பியது. 1953-இல் முதலமைச்சர் ராஜாஜி ஒரு திட்டம் கொண்டு வந்தார். கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் தினமும் மூன்று மணி நேரம் மட்டுமே படிப்பு. மீதி நேரம் பிள்ளைகள் வீட்டுத் தொழிலைப் பழக வேண்டும்.

"இது குலக்கல்வி!" என்று பெரியாரும் தி.மு.க.வினரும் எதிர்த்தார்கள். செருப்புத் தைப்பவர் மகன் செருப்பே தைக்க வேண்டுமா என்ற கேள்வி வீடு வீடாக எழுந்தது. 1954-இல் ராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராஜர் திட்டத்தைக் கைவிட்டார்.

இரண்டிலும் கைத்தொழில்தான். ஆனால் ஒன்றல்ல. பள்ளியில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் உட்கார்ந்து நூற்பது ஒன்று. பிறந்த வீட்டைப் பார்த்துத் தொழிலை ஒதுக்குவது வேறு. இந்த வித்தியாசம் படிப்பறியாத தாய்மார்களுக்கும் புரிந்தது.

அந்தச் சண்டையைப் பார்க்கப் பீட்டர்சன் அம்மையார் இல்லை. 1951-இலேயே அவர் காலமாகிவிட்டார்.

அதற்குப் பிறகும் வெகு காலம் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தக்ளி சுற்றினார்கள். பஞ்சு அறுந்து அழுத பிள்ளைகள் இன்று தாத்தா, பாட்டிகளாக இருக்கிறார்கள். ஆனால் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை நெருங்கியதும் தக்ளி மூலைக்குப் போகும். கணக்குப் புத்தகம் கைக்கு வரும்.

பரங்கிப்பேட்டையில் சேவா மந்திர் பெயரில் பெண்கள் பள்ளி இருக்கிறது. அங்கும் இப்போது பிளஸ்-2 மார்க்கு பற்றித்தான் பேச்சு.