கணிதம் கற்பித்த கன்னியாஸ்திரியும் மாத்தளை மலைகளும்

1980ஆம் ஆண்டு அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் சோசலிசக் கட்சியின் உப ஜனாதிபதி வேட்பாளராக நின்றவர் டயேன் டிரூஃபன்பிராக். பிரான்சிஸ்கன் சபைக் கன்னியாஸ்திரி; கணித ஆசிரியை. 1929இல் இந்தியானா மாநிலத்தின் எவன்ஸ்வில் நகரில் பிறந்தவர். ஜனாதிபதி வேட்பாளரான டேவிட் மெக்ரெனால்ட்ஸ் போர் எதிர்ப்பு இயக்கத்தில் ஊறியவர். தாம் தன்பாலீர்ப்பாளர் என்பதை மறைக்காதவர். அவருக்குப் பக்கத்தில் ஒரு கன்னியாஸ்திரியின் பெயர் வாக்குச்சீட்டில் இடம்பெற்றது அன்றைய அமெரிக்காவுக்கே புதிது. அணுவாயுதங்களைக் கைவிட வேண்டும் என்ற கோரிக்கை இருவருக்கும் பொதுவாக இருந்தது.

இந்த அரசியல் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டதல்ல. டிரூஃபன்பிராக் வாழ்ந்த விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கி நகரம் 1910இலேயே ஒரு சோசலிஸ்டை மேயராக்கியது. அங்கிருந்த சோசலிஸ்டுகள் புரட்சியைவிடக் குழாய்நீர், கழிவுநீர்க் கால்வாய், பூங்கா ஆகியவற்றைப் பற்றியே அதிகம் பேசியதால், சக தோழர்களே அவர்களைச் ‘சாக்கடைச் சோசலிஸ்டுகள்’ என்று கேலி செய்தார்கள். மில்வாக்கி மக்கள் அதைக் குறையாக எண்ணவில்லை. அந்த வரிசையின் கடைசி மேயர் ஃபிராங்க் சைட்லர் 1948 முதல் 1960 வரை பதவி வகித்தார். 1976இல் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளரும் அவரே.

ரீகன் 4 கோடியே 39 இலட்சம் வாக்குகள் பெற்று வென்ற 1980 தேர்தலில் சோசலிச அணிக்குக் கிடைத்தவை ஏறத்தாழ 7,000. கணித ஆசிரியைக்கு விடை முன்கூட்டியே தெரிந்திருக்கும். பெரிய கட்சியொன்று ஒரு பெண்ணை உப ஜனாதிபதிப் பதவிக்கு நிறுத்த மேலும் நான்கு ஆண்டுகள் ஆயின.

கத்தோலிக்கத் திருச்சபையும் அந்தத் தேர்தல் ஆண்டில்தான் அரசியல் பதவிகள் விடயத்தில் கையை இறுக்கியது. இயேசு சபைக் குருவும் காங்கிரஸ் உறுப்பினருமான ராபர்ட் டிரைனன் மீண்டும் போட்டியிடக் கூடாது என்று 1980 மே மாதத்தில் உரோமிலிருந்து உத்தரவு வந்தது, அவர் பணிந்தார். 1983இன் புதிய திருச்சபைச் சட்டம் ஆட்சியதிகாரப் பதவிகளை ஏற்பதற்கான தடையைத் துறவியருக்கும் உரியதாக்கியது.

இலங்கையின் கண்டி, மாத்தளை, நுவரெலியா மாவட்டங்களை உள்ளடக்கிய கண்டி மறைமாவட்டத்தில், துறவியரைச் சமூக நீதிக்காகப் பேசவைத்த இதே உந்துதல் வேறு பாதையில் சென்றது. இயேசு சபைக் குரு போல் கஸ்பர்ஸ் 1972இல் கண்டியில் சத்தியோதய நிலையத்தைத் தொடங்கினார். சிங்களவரும் தமிழரும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்து, தோட்டத் தொழிலாளரின் கூலி, லயன் எனப்படும் வரிசை வீடுகளின் வாழ்க்கை, பிரஜாவுரிமை ஆகியவற்றுக்காக உழைத்த இடம் அது. மார்க்சிய ஆய்வுமுறையைக் கையாள அவர் தயங்கியதில்லை. ஆனால் தேர்தல் மேடை ஏறவில்லை.

குருத்துவக் கட்டுப்பாடு அதற்கு ஒரு காரணம் என்றால், அந்தத் தோட்ட மக்களின் நிலை இன்னொன்று. இந்தியாவிலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழி நடந்து வந்த தொழிலாளரின் வழித்தோன்றல்களில் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரஜாவுரிமையையும், அடுத்த ஆண்டு வாக்குரிமையையும் இழந்தார்கள். 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்து, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரின் தலைவிதி பத்தாண்டு கழித்தே தீர்மானமாயிற்று. மனிதரை இப்படிக் கூட்டிக் கழித்த கணக்கு வேறு எந்தப் பாடநூலிலும் இராது. டிரூஃபன்பிராக் வாக்குக் கேட்ட 1980இலும் மாத்தளைத் தோட்ட லயன்களில் வாக்கில்லாதவர்கள் இருந்தார்கள். நாடற்றோர் பிரச்சினைக்குச் சட்டத்தில் முடிவு 1988இலும் 2003இலும் இயற்றப்பட்ட சட்டங்களால்தான் வந்தது.