தேய்ந்துபோன வெள்ளிக் காசு: யார் காலத்தது என்று கண்டுபிடிப்பது எப்படி?

ஈசூன் வீட்டில் பாட்டியோட பழைய டப்பாவில் ஒரு வெள்ளிக் காசு. ஆண்டு தேய்ந்துபோச்சு. எப்படி அடையாளம் காண்பது?

முதல்ல, முகம் எந்தப் பக்கம் பார்க்குதுன்னு பாருங்க. ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மெண்ட்ஸ் காசுகளில்,

• விக்டோரியா அரசியார்: இடப்பக்கம்
• ஏழாம் எட்வர்ட்: வலப்பக்கம்
• ஐந்தாம் ஜார்ஜ்: இடப்பக்கம், தாடியுடன்

எட்வர்ட் காலத்து ஒரு டாலர் காசா? அளந்து பாருங்க. 1903, 1904இல் அகலம் சுமார் 37 மில்லிமீட்டர். 1907 முதல் 34. வெள்ளி விலை ஏறியதால், காசை உருக்கி விற்காமல் இருக்க அளவைக் குறைத்தார்கள்.

தேய்த்துக் கழுவ வேண்டாம். மிச்ச அடையாளமும் அழிந்துவிடும். எடைக்குப் போடும் முன் நாணயம் தெரிந்தவரிடம் காட்டுங்க. உருக்கிவிட்டால், பாட்டி சேர்த்து வைத்தது திரும்ப வராது.