காமிராக் கம்பெனி லென்ஸா, வேறு கம்பெனி லென்ஸா? வாங்குமுன் ஒரு கணக்கு

பள்ளிகொண்டாவில் போட்டோ ஸ்டுடியோ நடத்தும் நம் சங்க உறுப்பினர் ஒருவர் ஒரு நாள் மாலை கடை எடுத்து வைக்கும் நேரத்தில் வந்து உட்கார்ந்தார். முகத்தில் களை இல்லை. மகன் தொழிலில் சேர்ந்துவிட்டான். கல்யாண ஆர்டர்களோடு, ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கத்துக் காலணிக் கம்பெனிகளுக்கு சாம்பிள் படம் எடுத்துத் தரும் வேலையும் வருகிறது. ஆனால் பையன் கேட்கும் லென்ஸின் விலை ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது. காமிரா வாங்கிய கடனே இன்னும் முடியவில்லை. வீட்டு நகையை பாங்கில் வைக்கலாமா என்று யோசனை.

"அண்ணே, காமிரா விலையைவிட கண்ணாடி விலை ஜாஸ்தியா இருக்குதே, இது என்ன கணக்கு?" என்று கேட்டார்.

மளிகைக்கடைக்காரரான நமக்கு லென்ஸைப் பற்றி என்ன தெரியும்? ஆனாலும் விலை, கொள்முதல், சரக்கின் தரம் என்று வந்துவிட்டால் அது நம் பாடம்தானே. விசாரித்துத் தெரிந்துகொண்டதை உறுப்பினர்கள் அனைவருக்கும் பயன்படும் என்று இங்கே எழுதுகிறோம். ஸ்டுடியோ வைத்திருப்பவர்களுக்கு மட்டுமான விஷயம் இது அல்ல என்பது கடைசியில் புரியும்.

பல்பு ஹோல்டரும் காமிரா வாயும்

கடையில் பழைய மாதிரி பல்பு மாட்டுகிறோம். ஹோல்டரில் வைத்து அழுத்தி ஒரு திருப்பு திருப்பினால் பூட்டிக்கொள்கிறது. லென்ஸும் காமிராவில் ஏறக்குறைய இப்படித்தான் மாட்டப்படுகிறது. அந்த வாய்க்கு 'மவுண்ட்' என்று பெயர். ஒரு வித்தியாசம் உண்டு. எந்தக் கம்பெனி பல்பும் நம் ஹோல்டரில் ஏறும். காமிராவில் அப்படி இல்லை. நிக்கான் கம்பெனி 1959ல் தன் 'எஃப்' மவுண்டைக் கொண்டுவந்தது. கேனான் 1987ல் 'இ.எஃப்.' மவுண்டையும் 2018ல் 'ஆர்.எஃப்.' மவுண்டையும் கொண்டுவந்தது. சோனிக்கு 2010ல் வந்த 'இ' மவுண்ட். ஒன்றின் லென்ஸ் மற்றொன்றில் நேராக ஏறாது.

ஆக, ஒரு முறை ஒரு கம்பெனி காமிரா வாங்கிவிட்டால், அதன் பிறகு வாங்கும் ஒவ்வொரு லென்ஸும் அதே வாய்க்குப் பொருந்த வேண்டும். வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போக வழியில்லை என்றால் விலை எப்படி இருக்கும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வேறு கம்பெனிகள் எப்படி நுழைந்தன?

இந்த இடத்தில்தான் காமிராவை நம்பி வாழாத லென்ஸ் கம்பெனிகள் வந்தன. ஜப்பானில் டோக்கினா, டாம்ரான் இரண்டின் தொடக்கமும் 1950ஆம் ஆண்டு. டாம்ரான் 1957ல் ஒரு நல்ல யோசனை செய்தது. லென்ஸ் ஒன்றேதான், பின்னால் மாட்டும் வளையத்தை மட்டும் மாற்றினால் வெவ்வேறு கம்பெனி காமிராக்களில் பொருந்தும். கடைக்காரருக்கு ஐந்து கம்பெனிக்கு ஐந்து ஸ்டாக் வைக்க வேண்டிய தொல்லை குறைந்தது. 1961ல் மிச்சிஹிரோ யமாக்கி என்பவர் சிக்மாவைத் தொடங்கினார். இன்று அவருடைய மகன் நடத்தும் அந்த நிறுவனம், ஃபுகுஷிமா மாநிலத்தின் ஐசு பகுதியில் உள்ள ஒரே தொழிற்சாலையிலிருந்து உலகம் முழுவதற்கும் லென்ஸ் அனுப்புகிறது.

விவிடார் கதை நம் பகுதிக்காரர்களுக்கு எளிதில் புரியும். அமெரிக்க வியாபாரிகளின் பெயர் அது. அவர்கள் தாங்களே லென்ஸ் செய்யவில்லை. ஜப்பானியத் தொழிற்சாலைகளில் செய்ய வைத்துத் தங்கள் பெயரைப் போட்டு விற்றார்கள். பழைய விவிடார் லென்ஸின் வரிசை எண் 22 என்று தொடங்கினால் அது கிரோன் தொழிற்சாலைச் சரக்கு, 28 என்றால் கோமினே, 37 என்றால் டோக்கினா. ஆம்பூரில் தைத்த ஷூ வெளிநாட்டுக் கம்பெனியின் முத்திரையோடு கப்பல் ஏறுவதைத் தினமும் பார்க்கும் நமக்கு இதில் என்ன ஆச்சரியம்? பெயர் ஓரிடம், வேலை ஓரிடம்.

விலை ஏன் குறைகிறது?

காரணங்கள் மூன்று. ஒன்று, ஒரே லென்ஸ் வடிவமைப்பை இரண்டு மூன்று மவுண்டுகளுக்குச் செய்து விற்பதால் செலவு பரவிவிடுகிறது. இரண்டு, காமிரா தயாரிக்கும் பெருஞ்செலவு இவர்களுக்கு இல்லை (சிக்மா சிறிய அளவில் காமிராவும் செய்கிறது). மூன்று, தரத்தில் சில இடங்களில் கை வைப்பார்கள். மழைநீர் புகாத ரப்பர் அடைப்பு இருக்காது, உலோகத்துக்குப் பதில் பிளாஸ்டிக் இருக்கும், ஃபோக்கஸ் மோட்டார் சற்று மெதுவாக ஓடும். முதல் இரண்டும் நமக்கு லாபம். மூன்றாவதை விசாரித்துத்தான் வாங்க வேண்டும்.

மட்டமான சரக்கு என்று ஒதுக்கிவிடவும் முடியாது. டாம்ரான் 1979ல் கொண்டுவந்த 90 மில்லிமீட்டர் நெருக்கப் பட லென்ஸ் அதன் வகையில் இன்றும் பெயர் சொல்வது. சிக்மா 2013ல் வெளியிட்ட 18-35 ஜூம் லென்ஸ் முழு நீளத்துக்கும் எஃப் 1.8 கொடுத்தது. அந்த வகை காமிராக்களுக்கு அதுவரை எந்தக் காமிராக் கம்பெனியும் செய்யாதது அது.

இந்த 'எஃப்' எண் என்ன என்றும் சொல்லிவிடுகிறோம். எண்ணெய் டின்னின் வாய் அகலமாக இருந்தால் சீக்கிரம் இறங்கும் அல்லவா, அது போல லென்ஸின் வாய் அகலம். எண் குறைந்தால் வாய் பெரிது. எஃப் 2.8 லென்ஸ், எஃப் 5.6 லென்ஸைப் போல் நான்கு மடங்கு வெளிச்சம் வாங்கும். கல்யாண மண்டபத்தில் விடியற்கால முகூர்த்தத்துக்கு இந்த நான்கு மடங்கு பெரிய உதவி. விலை ஏறுவதும் இந்த இடத்தில்தான்.

பொருந்தாமல் போகும் அபாயம்

இனி மறுபக்கம். இக்காலத்து லென்ஸும் காமிராவும் மின்சார முனைகள் வழியே ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. அந்தப் பேச்சின் இலக்கணத்தைக் காமிராக் கம்பெனி வெளியே சொல்லாவிட்டால், மற்றவர்கள் தாங்களே ஆராய்ந்து கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தது இன்றைய காமிராவுக்குச் சரியாக இருக்கும். நாளை வரும் காமிராவுக்குச் சரியாக இருக்குமா என்பது நிச்சயமில்லை. கேனான் இ.எஃப். மவுண்டுக்காக சிக்மா செய்த பழைய லென்ஸ்கள் சில, பின்னால் வந்த கேனான் காமிராக்களில் வேலை செய்யாமல் பிழைக் குறி காட்டி நின்றன. சிலவற்றுக்கு உள்ளே இருக்கும் சிப்பை மாற்றிக் கொடுத்தார்கள். மிகப் பழையவற்றுக்கு அதுவும் முடியவில்லை. இப்போது வரும் பல லென்ஸ்களில் மென்பொருளைப் புதுப்பிக்க வசதி இருப்பதால் இந்த அபாயம் குறைந்திருக்கிறது. தீர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது.

இரண்டாவது அபாயம் காப்புரிமை. 2022ல் சீனாவின் வில்ட்ராக்ஸ் நிறுவனம் ஆர்.எஃப். மவுண்டுக்குச் செய்த தன் ஆட்டோஃபோக்கஸ் லென்ஸ்களின் விற்பனையை நிறுத்த வேண்டியதாயிற்று. தன் உரிமை மீறப்பட்டது என்று கேனான் தரப்பு கூறியது. பிறகு 2024 ஏப்ரலில்தான் சிக்மாவும் டாம்ரானும், கேனானின் அனுமதியோடு, சிறிய சென்சார் கொண்ட ஆர்.எஃப். காமிராக்களுக்கான லென்ஸ்களை அறிவித்தன.

இதற்கு நேர்மாறாக சோனி 2011லேயே தன் இ மவுண்டின் அடிப்படை விவரங்களை மற்ற லென்ஸ் கம்பெனிகளுக்குக் கொடுத்தது. ஒலிம்பஸும் பானசோனிக்கும் 2008ல் ஒரே மவுண்டைப் பொதுவாக வைத்துக்கொண்டன. 2018ல் லைக்கா, பானசோனிக், சிக்மா மூன்றும் ஒரே மவுண்டுக்காகக் கைகோத்தன. எனவே 'வேறு கம்பெனி லென்ஸ் கிடைக்குமா' என்ற கேள்வியைக் காமிரா வாங்குமுன்பே கேட்டுவிட வேண்டும். காமிரா வாங்கிய பிறகு கேட்பது, கடை முன்பணம் கொடுத்த பிறகு வாடகையை விசாரிப்பது போல.

மதுரையில் நடந்தது

மாற்றுச் சரக்கு என்றாலே முகம் சுளிப்பவர்களுக்கு நம் தமிழ்நாட்டு உதாரணம் ஒன்று. இது காமிரா லென்ஸ் அல்ல, கண் லென்ஸ். கண்புரை அறுவை செய்தபின் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் ஒரு காலத்தில் வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டும். விலை நூறு டாலர் அளவில் இருந்தது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சார்ந்து 1992ல் தொடங்கிய ஆரோலேப் அதே வகை லென்ஸை சுமார் பத்து டாலருக்குக் கொண்டுவந்தது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது. அதில் கவனிக்க வேண்டியது, விலையைக் குறைத்தவர்கள் தரச் சான்றிதழையும் சேர்த்தே வாங்கினார்கள். விலை மட்டும் குறைந்திருந்தால் எந்த டாக்டர் கண்ணில் வைப்பார்?

மாற்றுச் சரக்கு வேறு, போலிச் சரக்கு வேறு

சிக்மா தன் பெயரைப் போட்டு விற்பது நேர்மையான வியாபாரம். வேறொருவர் தயாரித்ததில் பெரிய கம்பெனியின் பெயரை ஒட்டி விற்பது குற்றம். டீத்தூள் பாக்கெட்டில் நாம் பார்க்கும் அதே வித்தியாசம்தான். 1999ஆம் ஆண்டு வணிகக்குறிச் சட்டப்படி, பொய்யான வணிகக்குறி இட்ட பொருளைத் தெரிந்து விற்பவருக்கும் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. 'மொத்தக்கடைக்காரர் கொடுத்தார், விற்றேன்' என்று சொல்லித் தப்புவது எளிதல்ல.

பில் இல்லாத சரக்கு இன்னொரு தொல்லை. நம் நண்பர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் நகரத்துக் கடை ஒன்றில் பில் இல்லாமல் எட்டாயிரம் ரூபாய் குறைத்து லென்ஸ் வாங்கினார். ஏழாம் மாதம் ஃபோக்கஸ் நின்றது. இந்திய உத்தரவாதம் இல்லாத சரக்கு என்று சர்வீஸ் சென்டரில் திருப்பிவிட்டார்கள். மிச்சம் பிடித்ததைவிட அதிகம் பழுதுபார்க்கப் போனது. அந்த மாதத்தில் இரண்டு கல்யாணம் வேறு கை மாறியது. இறக்குமதிச் சரக்கின் பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை அச்சிட்ட சீட்டு இருக்க வேண்டும் என்பது நமக்குத் தெரிந்த பொட்டலப் பொருள் விதிதான். அதைப் பார்த்தே பாதி விஷயம் தெரிந்துவிடும். ஜி.எஸ்.டி. முறையான பதிவில் இருப்பவர் பில் வாங்கினால் உள்ளீட்டு வரியையும் கழித்துக்கொள்ளலாம். காம்போசிஷனில் இருப்பவருக்கு அது இல்லை.

வாங்குமுன் செய்ய வேண்டியவை

சொந்தக் காமிராவை எடுத்துக்கொண்டு போய் அதில் மாட்டிப் பார்க்க வேண்டும். ஒரு முழு செய்தித்தாள் பக்கத்தைச் சுவரில் ஒட்டி நேராகப் படம் எடுத்து, நான்கு மூலைகளிலும் எழுத்து ஒரே மாதிரி தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். ஒரு மூலை மட்டும் மங்கினால் உள்ளே கண்ணாடி சாய்ந்திருக்கலாம். வேறு பீஸ் கேட்டு வாங்கலாம். முடிந்தால் ஒரு விசேஷத்துக்கு வாடகைக்கு எடுத்து உழைத்துப் பார்த்தபின் முடிவு செய்வது இன்னும் நல்லது. சர்வீஸ் சென்டர் எந்த ஊரில் என்று கேட்க வேண்டும். திரும்ப விற்கும்போது காமிராக் கம்பெனி லென்ஸுக்கே கூடுதல் விலை கிடைக்கும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சில சாதாரண லென்ஸ்களைக் காமிராக் கம்பெனியே குறைந்த விலைக்குத் தருகிறது. அங்கே மாற்றைத் தேடுவதில் பெரிய லாபம் இல்லை.

இன்னொன்று, தோல் ஊரில் இருந்துகொண்டு சொல்லக் கூடாதுதான். லென்ஸைத் தோல் உறையிலேயே நெடுநாள் வைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். கண்ணாடியில் பூஞ்சை படரும். மழைக்காலத்தில் மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைப்பது நல்லது.

கணக்கு எப்படி முடிந்தது?

உதாரணத்துக்கு விலை வித்தியாசம் ஐம்பதாயிரம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வட்டிக்கு வாங்கினால் மாதம் ஆயிரம், வருஷம் பன்னிரண்டாயிரம் வட்டி மட்டும். அந்தப் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் கூடுதலாகச் சம்பாதித்துக் கொடுத்தால்தான் கம்பெனி லென்ஸ் லாபம். இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டியபோது பையன் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "மழையில கோயில் தேர் எடுக்கணும்னா கம்பெனி லென்ஸ்தான் பெரியப்பா. மண்டபத்துக்கு இது போதும்" என்றான். தொழில் தெரிந்த பேச்சு. அவனிடம் இருப்பது சோனி வகை காமிரா என்பதால் மாற்று லென்ஸுக்குப் பஞ்சமில்லை. பில்லோடு, பெட்டிச் சீட்டோடு, செய்தித்தாள் பரீட்சை முடித்து வாங்கி வந்தார்கள். நகை வீட்டிலேயே இருக்கிறது. தேர் ஆர்டர் வந்தால் அன்றைக்கு மட்டும் வாடகை லென்ஸ் என்று முடிவு.

நம் கடைகளுக்கும் இதே பாடம்தான். பில் மெஷினுக்கு எந்தக் கம்பெனி பேப்பர் ரோலும், அகலம் சரியாக இருந்தால், பொருந்துகிறது. சில பிரிண்டர்களுக்கோ அந்தக் கம்பெனி மை டப்பாவைத் தவிர வேறு ஏறாதபடி சிப் வைத்திருக்கிறார்கள். மெஷின் மலிவாகக் கிடைக்கும். மைக்குக் காலமெல்லாம் கப்பம் கட்ட வேண்டும். தராசோ, பேக்கிங் மெஷினோ, பிரிண்டரோ, எது வாங்கினாலும் விலை கேட்பதற்கு முன், 'இதற்கு வேண்டிய உதிரிச் சாமான் வேறு யாரிடமும் கிடைக்குமா?' என்று கேளுங்கள். விற்பவர் உடனே பதில் சொல்லாவிட்டால், அந்தத் தயக்கத்தையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்.