மனதின் ஆழத்தைக் கேட்பவர்கள்

வில்லாவுட் புகையிரத நிலையத்துக்கு அடுத்த தரிப்பு கரமார். அங்கே ஹோர்ஸ்லி டிறைவ் வீதியில் 'ஸ்ராட்ஸ்' என்னும் நிலையம் இருக்கிறது. போரும் சித்திரவதையும் கண்டு இங்கு வந்தவர்களுக்கு உளவளத்துணை வழங்குவதற்காக 1988இல் தொடங்கப்பட்டது. கட்டணம் இல்லை. ஆனாலும் எம்மவர்களிடம் அங்கே போகும்படி சொன்னால், "எனக்கென்ன விசரோ?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அங்கே இருப்பவர்கள் யார், அவர்களுடைய தொழில் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் இந்தக் கேள்வி எழாது.

மனதில் எமக்குத் தெரிந்தது கொஞ்சம், தெரியாமல் அடியில் கிடப்பது அதிகம் என்பதே ஆழ்மன உளவியலின் அடிப்படை. வியன்னா நகர வைத்தியர் சிக்மண்ட் பிராய்ட் இதனை ஒரு சிகிச்சை முறையாக வளர்த்தார். மறந்துவிட்டோம் என்று நாம் நினைப்பது கெட்ட கனவாகவும், பிள்ளைகள் மேல் பாயும் கோபமாகவும், காரணம் தெரியாத நெஞ்சிடியாகவும் திரும்பி வரலாம். பயிற்சி பெற்ற ஒருவர் பொறுமையாகக் கேட்க, அதைச் சொற்களில் கொண்டுவருவதே வைத்தியம். அந்தப் பிராய்டும் ஒரு யூதர். நாசிகள் வியன்னாவுக்குள் புகுந்ததால் 1938இல் லண்டனுக்கு அகதியாகப் போய், அடுத்த ஆண்டு அங்கேயே காலமானார்.

இது வெள்ளைக்காரரின் விஷயம் என்று சிலர் சொல்லலாம். கல்கத்தாவில் கிரிந்திரசேகர் போஸ் என்னும் வைத்தியர் 1922இலேயே இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கிவிட்டார். பிராய்டை அவர் நேரில் கண்டதில்லை. கடிதத் தொடர்பு மாத்திரமே. 1931இல் பிராய்டின் 75ஆவது பிறந்தநாளுக்கு அந்தச் சங்கம் தந்தத்தால் செய்த விஷ்ணு சிலையொன்றை அனுப்பியது. பிராய்ட் அதைத் தமது மேசையில் வைத்திருந்தார்.

அவுஸ்திரேலியாவில் இந்தத் தொழிலுக்குக் கால்கோள் இட்டவரும் ஓர் அகதிதான். கிளாரா லாசர் கெரோ, ஹங்கேரி நாட்டு யூதப் பெண் வைத்தியர். யூதருக்கு எதிரான சட்டங்கள் வந்ததும் புடாபெஸ்டை விட்டு வெளியேறி, 1940இல் கணவருடனும் மகனுடனும் மெல்பேர்ணில் வந்திறங்கினார். அவருடைய சகாக்கள் வேறு சிலரும் வர முயன்றார்கள். அவர்களுக்கு அனுமதி கிடைக்கவில்லை. அவருடைய வைத்தியப் பட்டத்தை இங்கே அப்போது ஏற்றுக்கொள்ளவுமில்லை. பட்டம் இருந்தும் தொழிற்சாலையில் நிற்கும் எம்மவர்களுக்கு அந்த வலி புரியும். ஆயினும் ஒரு பெண்மணி கொடுத்த நன்கொடையுடன் அதே ஆண்டு மெல்பேர்ணில் உளப்பகுப்பாய்வு நிலையம் திறக்கப்பட்டது. இந்நாட்டின் முதலாவது பயிற்சி ஆய்வாளர் அவரே.

இத்தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. உளப்பகுப்பாய்வாளராக வர விரும்புபவர் முதலில் தாமே இன்னொருவர் முன் தம் மனதைத் திறக்கவேண்டும். பிறகு தாம் பார்க்கும் சிகிச்சையை மூத்தவர் ஒருவரிடம் ஒழுங்காகச் சொல்லி ஆலோசனை பெறவேண்டும். சங்கமாகக் கூடிப் படிக்கவும் வேண்டும். பிறர் துயரத்தை நாள் முழுவதும் கேட்பவருக்கும் அதை இறக்கிவைக்க ஓர் இடம் தேவை அல்லவா? தனியே இருந்து செய்தால், தன் மனதிலுள்ளதையும் வந்தவர் மனதிலுள்ளதையும் குழப்பிக்கொள்வார்.

ஸ்ராட்ஸில் எல்லோரும் பிராய்டின் வழிவந்தவர்கள் அல்லர். பல முறைகளைக் கையாளுகிறார்கள். ஆனால் மூத்தவரிடம் ஆலோசனை பெறும் வழக்கம் அங்கும் உண்டு. மெல்பேர்ணில் 'பவுண்டேசன் ஹவுஸ்' உட்பட, ஒவ்வொரு மாநிலத்திலும் பிரதேசத்திலும் ஒன்றாக இத்தகைய எட்டு நிலையங்கள் ஓர் அமைப்பாக இணைந்திருக்கின்றன.

எமது மண்ணிலும் இது புதிதல்ல. யாழ்ப்பாணத்தில் 1987இல் சாந்திகம் தோன்றி, பலரை உளவளத்துணையாளராகப் பயிற்றியது. மனநல வைத்தியர் தயா சோமசுந்தரம் போரின் பாதிப்புகளை 'மனவடு' என்ற நூலில் தமிழிலேயே எழுதினார். வடு என்ற சொல்லே போதும். காயம் பட்டவன் விசரன் அல்லன்.

புதிதாக வந்த குடும்பங்களுக்குச் சில விபரங்கள்:

ஸ்ராட்ஸ் குடிவரவுத் திணைக்களத்தின் கிளை அல்ல. விசா முடிவுகளை அவர்கள் எடுப்பதில்லை. நீங்கள் சொல்வது இரகசியமாகவே இருக்கும். ஒருவருடைய உயிருக்கு ஆபத்து என்றாலோ, சட்டம் கட்டாயப்படுத்தினாலோ மட்டும் பிறருக்கு அறிவிக்க நேரலாம்.

மொழிபெயர்ப்பாளரும் இரகசியம் காக்கக் கட்டுப்பட்டவர். ஊர்க்காரர் யாரும் வந்துவிடுவாரோ என்ற பயம் இருந்தால், தொலைபேசியில் பெயர் சொல்லாமல் பேச ஒழுங்கு செய்யும்படி கேளுங்கள். 131 450 என்ற இலக்கத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம்.

ஒரு நாளில் சுகம் வராது. முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லவேண்டும் என்றும் இல்லை. வாரக்கணக்காக நித்திரை இல்லாவிட்டால், குடி கூடினால், பிள்ளை பேச்சைக் குறைத்தால், அதுவே போவதற்குப் போதுமான காரணம். கால் முறிந்தால் வைத்தியரிடம் போக நாம் வெட்கப்படுவதில்லை. மனதுக்கும் அப்படியே இருப்போம்.