இருபது வளைவுகளுக்கு மேலே ஒரு நெஞ்சுவலி

சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். மேலே ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டால், சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக அத்தனையையும் இறங்கியாக வேண்டும். கோடை விழா நாட்களில் ஏறும் வண்டிகள் அடிவாரம் வழியாகவும் இறங்கும் வண்டிகள் குப்பனூர் வழியாகவும் திருப்பி விடப்படும். குப்பனூர் பாதை சுற்று. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றது.

இதய, நுரையீரல் அவசர சிகிச்சை பற்றி வந்த முக்கியமான ஆய்வுகளை ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் நின்று படித்தால் ஒன்று தெளிவாகிறது. தீவிர சிகிச்சை என்பது ஐ.சி.யூ. கதவுக்குள் தொடங்குவதல்ல. மலை மேலேயே, முதலில் பார்க்கும் செவிலியரின் கையில் அது தொடங்கியாக வேண்டும்.

முதலில் மாரடைப்பு. இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் கட்டி அடைத்துக்கொள்கிறது. அடைபட்ட நிமிடத்திலிருந்து தசை செத்துக்கொண்டே போகிறது. செத்த தசை மீண்டும் வளராது. அடைப்பை நீக்க இரண்டு வழிகள். கேத் லேப் எனப்படும் இதயச் சிகிச்சை அறையில் மெல்லிய குழாய் செலுத்தி ஸ்டென்ட் வைப்பது ஒன்று. கட்டியைக் கரைக்கும் ஊசி மற்றொன்று. முதலாவதுதான் மேல். ஆனால் நோயைக் கண்டுபிடித்து 120 நிமிடத்துக்குள் அதைச் செய்ய முடியாதென்றால், காத்திருக்காமல் ஊசியைப் போடச் சொல்கின்றன இன்றைய வழிகாட்டு நெறிகள். அதற்கு 2013இல் வெளிவந்த ஸ்ட்ரீம் ஆய்வு வலுவான சான்று. வலி தொடங்கி மூன்று மணி நேரத்துக்குள் வந்த, ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் ஸ்டென்ட் வைக்க வழியில்லாத 1,892 பேரை அது ஆராய்ந்தது. முதலில் டெனெக்டெப்ளேஸ் ஊசி, பிறகு ஆஞ்சியோகிராம் என்ற வரிசையில் சிகிச்சை பெற்றவர்கள், நேரடியாக ஸ்டென்ட் பெற்றவர்களுக்கு மொத்தப் பலனில் பின்தங்கவில்லை.

இந்த முறையை ஏழை நாட்டுச் சூழலில் ஓர் அமைப்பாகவே கட்டிப் பார்த்தது தமிழ்நாடு. கோவை மெடிக்கல் சென்டரின் தாமஸ் அலெக்சாண்டர், சென்னை மெட்ராஸ் மெடிக்கல் மிஷனின் அஜித் முள்ளசாரி ஆகிய இதய மருத்துவர்கள் முன்னின்று நடத்திய திட்டம் இது. கேத் லேப் உள்ள 4 பெரிய மருத்துவமனைகளோடு 35 சிறிய மருத்துவமனைகள் இணைக்கப்பட்டன. சிறிய இடத்தில் ஈ.சி.ஜி. எடுத்து, அங்கேயே ஊசி போட்டு, பிறகு பெரிய இடத்துக்கு அனுப்புவதுதான் ஏற்பாடு. 2017இல் ‘ஜமா கார்டியாலஜி’ இதழில் முடிவு வெளிவந்தது. 2,420 நோயாளிகள். ஆஞ்சியோகிராம் பெற்றவர்கள் நூற்றுக்கு 35 பேராக இருந்தது ஏறத்தாழ 61 ஆனது. ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தார்கள். கேட்கச் சிறிய எண்ணாகத் தெரியலாம். நூறு குடும்பங்களில் மூன்று குடும்பங்கள் ஓர் ஆளைக் கூடுதலாகக் காப்பாற்றிக்கொண்டன என்று பொருள். புது மருந்து எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை. வரிசையும் தொடர்பும் போதுமானவையாக இருந்தன.

2023 ஜூனில் தமிழக அரசு தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டம் இதற்கும் ஒரு படி கீழே இறங்கியது. நெஞ்சுவலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ துணை சுகாதார நிலையத்துக்கோ வருபவருக்கு, அடுத்த மருத்துவமனைக்கு அனுப்பும் முன் 14 மாத்திரைகள்: ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, அடோர்வாஸ்டாடின் 8. சாதாரண ஆஸ்பிரினால் என்ன ஆகிவிடும் என்று நினைக்க வேண்டாம். 1988இல் வெளியான ஐசிஸ்-2 ஆய்வு 17,187 பேரிடம் நடந்தது. ஆஸ்பிரின் மட்டுமே ஐந்து வாரத்துக்குள் ஏற்படும் இதய, ரத்தக்குழாய் மரணங்களை 23 சதவீதம் குறைத்தது; கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஊசியும் சேர்ந்தபோது 42 சதவீதம்.

ஆனால் இவையெல்லாம் நோயாளி வந்து சேர்ந்த பிறகு நடப்பவை. ‘வாயு பிடிச்சிருக்கு’ என்று சோடாவும் ஓமத் தண்ணீரும் குடித்து ஒரு இரவைக் கழித்துவிடுகிறோமே, அந்த இரவை எந்த ஊசியும் திருப்பித் தராது. காபித் தோட்டத்து வேலையில் தோளும் கையும் தினமும் வலிக்கும். அதனால் இந்த வலியையும் அலுப்புக் கணக்கில் எழுதிவிடுவது எளிது. மார்பின் நடுவில் அழுத்தமும் வியர்வையும் சேர்ந்து வந்தால் மேட்டில் நடக்க விடாதீர்கள். சாலை வரை தூக்கிச் செல்லுங்கள், 108ஐ அழையுங்கள்.

மூச்சுக்கு வேறு கணக்கு

நுரையீரல் நோயாளிக்கு இதே மலை வேறு விதமாக நடந்துகொள்கிறது. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறையும். நல்ல நுரையீரலுக்கு இது தெரியவே தெரியாது. விறகடுப்புப் புகையிலோ பீடியிலோ பல ஆண்டு கழித்து, இளைப்பு முற்றியவருக்குத் தெரியும். அவருக்குக் கீழே இறங்குவதே ஓரளவு சிகிச்சை. ஒவ்வொரு வளைவிலும் காற்று அடர்த்தியாகிறது. மாரடைப்பு வந்தவருக்கோ அதே இறக்கம் நேர விரயம். ஒரே ஆம்புலன்ஸ், ஒரே சாலை என்றாலும் ஏற்றும் முன் யாருக்கு என்ன செய்வது என்பது மாறுகிறது. நெஞ்சடைப்பும் மூச்சிரைப்பும் ஒன்றுபோலத் தோன்றுவதால், மேலேயே எடுக்கும் ஒரு ஈ.சி.ஜி. இவ்வளவு முக்கியமாகிறது.

ஆக்சிஜன் விஷயத்தில் நம் பழைய நம்பிக்கைகளை ஆய்வுகள் நிறையவே திருத்திவிட்டன. மூச்சு வாங்குகிறதா, முகமூடியை மாட்டு, முழுதாகத் திற என்பதே வழக்கம். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் எனக் கருதப்பட்டு ஆம்புலன்ஸில் வந்த 405 பேரிடம் நடந்த ஆய்வு 2010இல் வெளியானது. விரலில் மாட்டும் கருவி ரத்த ஆக்சிஜனை 88 முதல் 92 சதவீதம் வரை காட்டும்படி அளந்து ஆக்சிஜன் பெற்றவர்களில், தாராளமாகப் பெற்றவர்களைவிட இறப்பு பாதிக்கும் கீழே குறைந்தது. காரணம் உண்டு. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவருக்கு அளவுக்கு மீறி ஆக்சிஜன் போனால் உடலில் கரியமில வாயு தேங்கும், மயக்கம் வரும், மூச்சே மந்தமாகும்.

மாரடைப்பிலும் அப்படித்தான். ஸ்வீடனில் 6,629 பேரிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வு, ஆக்சிஜன் குறையாதவருக்கு முகமூடி மாட்டுவதால் உயிர் பிழைப்பதில் எந்த லாபமும் இல்லை என்று காட்டியது. 90க்குக் கீழே இறங்கினால் மட்டும் கொடுங்கள் என்பதே இன்றைய நெறி. 2025இல் பிரிட்டனில் வென்டிலேட்டரில் இருந்த சுமார் 16,500 பேரை ஆராய்ந்து வெளியிட்ட யூகே-ராக்ஸ் ஆய்வு, 90ஐ இலக்காக வைத்து அளந்து கொடுப்பதற்கும் வழக்கமான முறைக்கும் இறப்பில் வித்தியாசம் இல்லை என்றது. மலை மேல் சிலிண்டர் எண்ணிக்கை எப்போதும் கணக்குப் பார்த்துத்தான் இருக்கும். அளந்து கொடுத்தால் கெடுதல் இல்லை என்ற செய்தி அங்கே பெரிய ஆறுதல்.

இளைப்பு உள்ளவர்களை அழைத்துக்கொண்டு சுற்றுலா வருபவர்கள் இன்ஹேலரைக் கைப்பையில் வையுங்கள், வண்டியின் டிக்கியில் அல்ல. முன்பு எடுத்த ஈ.சி.ஜி.யைப் படம் பிடித்துச் செல்பேசியில் வைத்திருந்தால் மருத்துவருக்கு ஒப்பிட்டுப் பார்க்க உதவும். மூச்சு முட்டும்போது படுக்க வைக்காமல் நிமிர்த்தி உட்கார வைத்தே இறக்குங்கள்.

ஸ்டென்ட் வைத்துக்கொண்டு மலைக்குத் திரும்பியவரைப் பற்றியும் பேச வேண்டும். தமிழ்நாட்டு ஆய்வு இறப்பை ஓராண்டுக்குக் கணக்கிட்டது என்பதை மறந்துவிடக் கூடாது. மாத்திரை தீர்ந்த நாட்களும் அந்த ஓராண்டுக்குள்தான் வருகின்றன. குளோபிடோக்ரெலைப் பாதியில் நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே கட்டி சேரலாம். 2021 ஆகஸ்டிலிருந்து ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர்கள் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருகிறார்கள். மலைக் கிராமத்துக்கு ஏறும் அந்தப் பையில் ஸ்டென்ட் வைத்தவருக்கான மாத மருந்தும் தவறாமல் இருக்க வேண்டும். அதை வாங்க மட்டும் ஒருவர் கூலியை விட்டுச் சேலம் இறங்கி ஏறும்படி வைக்கக் கூடாது.