பேனா ஒன்று, படி ஒன்பது! தென்காசிக்கு வரும் வெளிநாட்டுப் பார்சலின் திரைமறைவுக் கதை

சாரல் சீசன். குற்றாலத்தில் பேரருவி கொட்டுகிறது, ஐந்தருவி கொட்டுகிறது, வானமும் சேர்ந்து கொட்டுகிறது. தென்காசியில் ஒரு வீட்டுத் திண்ணையில் மட்டும் ஒருத்தர் எதையும் கவனிக்காமல் செல்போன் திரையை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஜப்பானிலிருந்து ஒரு மைப்பேனாவுக்கு ஆர்டர் போட்டிருக்கிறார். 'சுங்கத்தில் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது' என்கிறது திரை. நேற்றும் அதே வரி, இன்றும் அதே வரி.

இப்படி ஒருத்தர் இப்போது எல்லாத் தெருவிலும் உண்டு. கொரியா முகக் கிரீமுக்குக் காத்திருக்கும் கல்லூரிப் பெண், தட்டினால் சொடக்குச் சத்தம் வருகிற கீபோர்டுக்குக் காத்திருக்கும் மத்தளம்பாறைப் பக்கத்து மென்பொருள்காரர், தூண்டில் ரீலுக்குக் காத்திருக்கும் மாமா. எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: அந்த ஒரு வரிக்குப் பின்னால் என்னதான் நடக்குது? வாங்க, பேனா டப்பாவுக்குள் நாமும் ஏறிக்கொண்டு ஒரு ரவுண்டு போய்வருவோம்!

எண்ணுக்குள் ஒளிந்திருக்கும் காவல்காரர்

முதல் ஆச்சரியம் டிராக்கிங் எண்ணிலேயே இருக்கிறது. முன்னால் இரண்டு எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், பின்னால் இரண்டு எழுத்து, ஆக 13. முதல் எழுத்து 'இ' என்றால் விரைவு அஞ்சல், 'ஆர்' என்றால் பதிவு அஞ்சல், 'சி' என்றால் பார்சல். கடைசி இரண்டு எழுத்து அனுப்பிய நாடு. ஜப்பான் என்றால் 'ஜே.பி.', நம்ம நாடு என்றால் 'ஐ.என்.' 1874-ல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் பிறந்த உலக அஞ்சல் ஒன்றியம் வகுத்த ஒழுங்கு இது. உலகம் பூராவும் ஒரே மாதிரி.

சுவாரசியம் இனிமேல்தான்! ஒன்பது இலக்கத்தில் எட்டுதான் உண்மையான எண். ஒன்பதாவது ஒரு காவல்காரர். முதல் எட்டு இலக்கங்களையும் வரிசையாக 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்ட வேண்டும். வருவதை 11-ஆல் வகுத்து, மீதியை 11-லிருந்து கழிக்க வேண்டும். 10 வந்தால் 0, 11 வந்தால் 5 என்று வைத்துக்கொள்ள வேண்டும். நம் பேனாவின் எண் 12345678 என்று ஆரம்பிக்கிறதாக வைத்துக்கொள்வோம். பெருக்கிக் கூட்டினால் 204. 11-ஆல் வகுத்தால் மீதி 6. பதினொன்றில் ஆறு போனால் ஐந்து. ஆக, ஒன்பதாவது இலக்கம் 5 ஆக இருந்தே தீர வேண்டும். வேறு எண் இருந்தால் யாரோ தப்பாக அடித்திருக்கிறார்கள், அல்லது உங்களிடம் போலி எண்ணைத் தள்ளிவிட்டிருக்கிறார்கள். பேப்பரும் பேனாவும் எடுத்து உங்கள் எண்ணுக்கும் ஒருமுறை போட்டுப் பாருங்கள், அசந்துபோவீர்கள்!

ஒன்பது படி, நட்ட நடுவில் கஸ்டம்ஸ்

விரைவு அஞ்சல் பார்சலுக்கு அஞ்சல்துறைகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ரகசிய மொழி ஒன்று உண்டு. இ.எம்.ஏ. என்றால் பார்சல் கவுண்டரில் ஏற்கப்பட்டது. கடைசி எழுத்து பி என்றால் அனுப்பும் நாட்டின் வெளியேற்ற நிலையத்துக்கு வந்தது. சி என்றால் அங்கிருந்து கிளம்பியது. டி என்றால் நம் நாட்டில் இறங்கியது. இ என்றால் கஸ்டம்ஸ் கையில் இருக்கிறது. எஃப் என்றால் அங்கிருந்து விடுதலை. ஜி என்றால் உங்கள் ஊர் அஞ்சலகம். எச் என்றால் போஸ்ட்மேன் வந்தார், கதவு பூட்டியிருந்தது. ஐ என்றால் உங்கள் கையில்!

மொத்தம் ஒன்பது. எண்ணிப் பாருங்கள், இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு, சரியாக நடுவில் கஸ்டம்ஸ். ஒரு படியில் ஸ்கேன் ஆனால்தான் திரையில் வரி மாறும். இரண்டு ஸ்கேனுக்கு நடுவே பார்சல் விமானத்தில் இருந்தாலும் சரி, மூட்டைக்கு அடியில் கிடந்தாலும் சரி, உங்கள் திரை ஒரே வரியைத்தான் காட்டும். திரை அசையவில்லை என்பதற்காகப் பார்சலும் அசையவில்லை என்று அர்த்தமில்லை. ஆனால் 'இ' படியில் நின்றுவிட்டால் மட்டும் அங்கே ஒரு மனிதர் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

மேஜைக்கு மேலே ஒரு பச்சைச் சீட்டு

நம் ஊருக்கு வரும் வெளிநாட்டுப் பார்சல்களில் பலவற்றுக்குச் சென்னை அயல்நாட்டு அஞ்சலகம்தான் வாசல். மூட்டை பிரியும், எக்ஸ்ரே ஓடும். பொட்டலத்தின் மேல் ஒட்டியிருக்கும் சுங்க அறிவிப்புச் சீட்டை அதிகாரி பார்ப்பார். சின்ன பொட்டலத்துக்கு சி.என்.22, விலையும் எடையும் கூடினால் சி.என்.23. என்ன பொருள், எத்தனை, என்ன எடை, என்ன விலை என்று அனுப்பியவர் எழுதிய நாலு வரிதான் உங்கள் பேனாவின் தலையெழுத்து.

'மைப்பேனா, 1, விலை இவ்வளவு' என்று எழுதி, பில்லையும் ஒட்டியிருந்தால் கணக்குப் போட்டு நகர்த்திவிடலாம். 'சரக்கு' என்றோ 'மாதிரி' என்றோ மொட்டையாக எழுதியிருந்தால் என்ன செய்ய முடியும்? எக்ஸ்ரேயில் பளபளவென்று உலோகம் தெரிகிறது, சீட்டில் விலை ஒரு டாலர். அதிகாரிக்குப் புருவம் தூக்கும்தானே! ரசீது காட்டு, அடையாள ஆவணம் காட்டு என்று உங்களுக்குத் தகவல் போகும், நீங்கள் பதில் அனுப்ப வேண்டும், அந்தப் பதில் சரியான மேஜைக்குப் போய்ச் சேர வேண்டும். நாட்கள் கரைவது பெரும்பாலும் இந்தப் போக்குவரத்தில்தான்.

2021 முதல் இன்னொரு முன்னேற்றம். பொருள் அடங்கிய அஞ்சலுக்கு அந்தச் சீட்டின் விவரங்களை மின்னணு வடிவில் முன்கூட்டியே அனுப்ப வேண்டும் என்பது உலக அஞ்சல் ஒன்றிய விதி. பேனா விமானம் ஏறும்முன் அதன் ஜாதகம் இங்கே வந்துவிட வேண்டும் என்று ஏற்பாடு!

வரிக்கு மேல் வரி, கணக்குப் பாருங்கள்

பேனா விலை 9,000 ரூபாய், தபால் செலவு 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வரி 9,000-க்கு என்று நினைத்தால் அங்கேதான் கோட்டை விடுகிறோம். தபால் செலவும் சேர்ந்த 10,000-தான் மதிப்பு. அதன்மேல் அடிப்படைச் சுங்கம். பிறகு மதிப்பையும் சுங்கத்தையும் கூட்டி, அதன்மேல் ஒருங்கிணைந்த ஜி.எஸ்.டி.

தனி உபயோகத்துக்கு வரும் பொருளுக்கு அடிப்படைச் சுங்கம் 35 சதவீதமாக இருந்த காலத்தில், அந்தச் சுங்கத்தின்மேல் போடும் மேல்வரியும் 28 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்ந்து மொத்தம் 77.28 சதவீதம்! பத்தாயிரம் ரூபாய் மதிப்புக்கு 7,728 ரூபாய் வரி. பேனா விலையை எட்டிப்பிடிக்கிற அளவுக்கு வரி கொழுத்துப்போயிருந்தது. 2025 பட்ஜெட்டில் 35 என்பது 20 ஆனது. அதே ஆண்டு செப்டம்பர் 22-ல் ஜி.எஸ்.டி. மாற்றத்தோடு 28 என்பது 18 ஆனது. 2026 பட்ஜெட்டில் 20-ஐயும் 10 ஆக்கும் அறிவிப்பு வந்தது. மேல்வரியை ஒதுக்கிவிட்டு அந்த 10-க்கும் 18-க்கும் கணக்குப் போட்டால் சுங்கம் 1,000, ஜி.எஸ்.டி. 11,000-க்கு 1,980, ஆக 2,980 ரூபாய். வலிக்கத்தான் செய்கிறது, ஆனால் தாங்குகிற வலி.

சந்தோஷமான ஒரு சின்ன விதியும் உண்டு. கணக்குப் போட்டு வருகிற சுங்கம் 100 ரூபாயோ அதற்குக் குறைவோ என்றால் வசூலிக்கவே கூடாது என்கிறது 1962-ம் வருஷச் சுங்கச் சட்டத்தின் 25-வது பிரிவு. நூறு ரூபாய் ஸ்டிக்கர் ஷீட்டெல்லாம் சத்தமில்லாமல் வீடு வந்து சேருவது இதனால்தான்.

ராக்கிக்கு மட்டும் ராஜ மரியாதை

'அன்பளிப்புன்னு எழுதி அனுப்பச் சொல்லு மாப்ளே, வரியே கிடையாது' என்று யோசனை சொல்லும் நண்பர் ஊருக்கு ஒருத்தர் இருப்பார். அவருடைய தகவல் பழசு! 5,000 ரூபாய் வரை அன்பளிப்புக்கு வரி இல்லை என்ற சலுகை ஒரு காலத்தில் இருந்தது. அயல்நாட்டு ஆன்லைன் கடைகள் விற்ற சட்டையையும் செருப்பையும் அன்பளிப்பு என்று பெயர் சூட்டி அனுப்பத் தொடங்கின. 2019 டிசம்பரில் கதவை இழுத்துச் சாத்திவிட்டார்கள். விதிவிலக்கு இரண்டே இரண்டு: உயிர்காக்கும் மருந்து, ராக்கி. ராக்கியோடு சேர்த்து அனுப்பும் பரிசுக்கும் சலுகை இல்லை, கயிறு மட்டும்தான். சட்டம் எழுதினவருக்கும் தங்கச்சி பாசம் இருந்திருக்கிறது!

வாசலோடு திரும்புகிறவை

அருவியை மேலேயிருந்து படம்பிடிக்க ஒரு வெளிநாட்டு ட்ரோன்? 2022 பிப்ரவரியிலிருந்து பறக்கும் நிலையில் உள்ள ட்ரோன் இறக்குமதிக்குத் தடை. ராணுவம், பாதுகாப்பு, ஆராய்ச்சி போன்ற காரணங்களுக்கு மட்டும் அனுமதியோடு விலக்கு. கல்யாண வீடியோ அந்தப் பட்டியலில் இல்லை. மின்சிகரெட்டுக்கு 2019-லேயே சட்டம் போட்டுத் தடை.

குற்றாலத்துக்காரர்களுக்கு இன்னொரு சபலம் உண்டு. சீசனில் ரம்புட்டானும் மங்குஸ்தானும் சாப்பிட்டவுடன், மலேசியாவிலிருந்து ஒரு புது ரக விதை வரவழைத்துக் கொல்லைப்புறத்தில் போட்டால் என்ன என்று தோன்றும். 2003-ம் வருஷத் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றும் வேண்டும். கவருக்குள் நாலு விதையை ஒளித்து அனுப்பினால் அது சென்னையிலேயே முடிந்துபோகும்.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். 1800-ஐ ஒட்டி, தொலைதூர மொலுக்கஸ் தீவுகளின் செடியான கிராம்பைக் கிழக்கிந்தியக் கம்பெனி குற்றாலத்து வாசனைப்பொருள் தோட்டத்தில்தான் கொண்டுவந்து நட்டது. இந்தியாவில் கிராம்பு வேர்விட்ட கதை இங்கேதான் தொடங்குகிறது. குற்றாலத்துக்கு வந்த வெளிநாட்டுப் பார்சல்களிலேயே பெருமைக்குரியது அதுதான். எந்த மேஜையிலும் யாரும் அதை நிறுத்திவைக்கவில்லை!

எட்டுக் கிலோமீட்டரில் வேறு தபால்

சுங்கமும் எல்லையும் தென்காசிக்குப் புதுசா என்ன? பக்கத்துச் செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பக்கம். தென்காசியில் பிரிட்டிஷ் இந்தியத் தபால், எட்டுக் கிலோமீட்டர் தள்ளி மணி கட்டிய கோலோடு ஓட்டக்காரர்கள் சுமந்த திருவிதாங்கூர் அஞ்சல். சங்கு முத்திரை போட்ட தனித் தபால்தலை வேறு. 1951-ல்தான் அந்த அஞ்சல் இந்திய அஞ்சல்துறையோடு கலந்தது. எல்லையில் சரக்குக்குச் சுங்கமும் பிடித்தார்கள். 1865-ல் பிரிட்டிஷ் அரசும் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒப்பந்தம் போட்டுக்கொண்ட பிறகுதான் பெரும்பாலான சரக்குக்கு அந்தத் தொல்லை தீர்ந்தது.

627811-க்கு வந்துட்டா?

சரி, நம் பேனா 'எஃப்' படியைத் தாண்டிவிட்டது. சென்னையிலிருந்து 600 கிலோமீட்டருக்கு மேல் தெற்கே வர வேண்டும். இங்கே வழிகாட்டி பின்கோடுதான். முதல் எண் 6 என்றால் தமிழ்நாடு, கேரளப் பக்கம். 627 என்றால் நெல்லைச் சீமை. தென்காசிக்கு 627811, குற்றாலத்துக்கு 627802. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டம் ஆகிவிட்டது. பின்கோடு இன்னும் நெல்லைக் குடும்பத்தில்தான் இருக்கிறது. வெளிநாட்டுக் கடையின் படிவத்தில் மாவட்டப் பெயர் முன்னே பின்னே இருந்தாலும் ஓடிவிடும், பின்கோடு தப்பினால் பேனா ஊர் சுற்றக் கிளம்பிவிடும்.

கடைசிக் காட்சி திண்ணையில். மழைக்கோட்டோடு போஸ்ட்மேன் வந்து நிற்கிறார்.

"தம்பி, ஜப்பான்லேருந்து பார்சல் வந்திருக்கு. டூட்டி கட்டணும், பாத்துக்கிடுங்க."

"எவ்வளவு அண்ணாச்சி?"

"ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரத்தி எம்பது."

"ஒரு பேனாவுக்கா!"

"பேனாவோ பீரங்கியோ, நானா போட்டேன்? மெட்ராஸ்லேருந்து போட்டு அனுப்பியிருக்காவ. சீட்டுல எழுதியிருக்கு, படிச்சுப் பாத்துட்டுக் குடுங்க."

அந்தச் சீட்டை அவசியம் படியுங்கள். மதிப்பு எவ்வளவு என்று எடுத்தார்கள், எந்த வரி எவ்வளவு என்று அதில்தான் இருக்கும். தனியார் கூரியரில் வந்தால் இதே கதை கொஞ்சம் வேகமாக ஓடும். ஆதாரோ பான் எண்ணோ முன்பே கேட்பார்கள், வரியை அவர்களே கட்டிவிட்டு, தங்கள் சேவைக் கட்டணத்தையும் சேர்த்து உங்களிடம் வாங்குவார்கள்.

ஆர்டர் போடும்முன் செய்ய வேண்டியது மூன்றே வேலை. பொருள் விலையோடு தபால் செலவையும் கூட்டி, அதன்மேல் வரியைப் போட்டுப் பார்த்துவிட்டு வாங்கலாமா என்று முடிவெடுங்கள். பொருளின் பெயரையும் உண்மையான விலையையும் சீட்டில் தெளிவாக எழுதி, பில்லை வெளியே ஒட்டி அனுப்பும்படி கடைக்காரருக்கு ஒரு வரி எழுதுங்கள். பின்கோடும் செல்போன் எண்ணும் சரிதானா என்று இருமுறை பாருங்கள். இந்த மூன்றும் சரியாக இருந்தால் பார்சல் நடுப்படியில் மாட்டிக்கொள்ள உங்கள் பக்கத்திலிருந்து காரணம் இருக்காது. அதன்பிறகு செல்போனைத் திண்ணையில் வைத்துவிட்டு ஐந்தருவிக்குக் கிளம்புங்கள், சீசன் போனால் வராது!